பொங்கல் விடுமுறைக்கு ஊர்க் காட்சிக்கூடத்தில் என்ன நடத்தலாம்? கூரைக்குப் பணமும் திரட்ட வேண்டும்

பழையசாவி · நவம்பர் 9, இரவு 9:20

அனைவருக்கும் வணக்கம். பவானிக்குப் பக்கத்தில் ஒரு பழைய ஓட்டு வீட்டில் ஊர் வரலாற்றுக் காட்சிக்கூடம் ஒன்று நடத்துகிறோம். மொத்தம் ஏழு பேர். இரண்டு பேர் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், ஒருவர் முன்பு தறிப்பட்டறை வைத்திருந்தவர், மற்றவர்கள் வேலைக்குப் போகிறவர்கள். சனி, ஞாயிறு மட்டும் திறப்போம். குழித்தறி ஒன்று, ஆழாக்கு முதல் மரக்கால் வரை அளவைகள், கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைத்த சால், பழைய பத்திரங்கள், கல்யாணப் பத்திரிகைகள், ஸ்டுடியோவில் எடுத்த குடும்பப் படங்கள். இவைதான் எங்கள் சொத்து. டிக்கெட் கிடையாது.

இந்த ஐப்பசி மழையில் மேற்குப் பக்கக் கூரை ஒழுகி, தறி மேலேயே சொட்டியது. தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறோம். ஆசாரியைக் கூட்டிவந்து காட்டினேன். ரீப்பர் கட்டை பாதிக்கு மேல் உளுத்துவிட்டது, ஓடு 1,200 மாற்ற வேண்டும் என்றார். மரவேலைக்கு 52,000, ஓடும் அதை வேய்கிற கூலியும் 1,08,000. ஆக 1,60,000 ரூபாய். வங்கியில் இருப்பது 23,000.

எங்கள் ஊரில் ஆள் நடமாட்டம் கூடுவது அரையாண்டு விடுமுறையில் தொடங்கித் தை 5 வரைக்கும்தான். திருப்பூர், கோவை, பெங்களூர் என்று போனவர்கள் எல்லாம் அப்போதுதான் வீட்டுக்கு வருவார்கள். போன பொங்கலுக்கு வாசலில் இன்னிசைக் கச்சேரி வைத்தோம். நல்ல கூட்டம். ஆனால் நாற்காலியை விட்டு எழுந்து உள்ளே வந்து பார்த்தவர்கள் முப்பது பேர்கூட இருக்க மாட்டார்கள். செலவுக்குப் பணம் கொடுத்த ஒரு நிறுவனம் கட்டிய பிளெக்ஸ் எங்கள் பெயர்ப்பலகையையே மறைத்துவிட்டது. எல்லாம் போக மிஞ்சியது 4,000 ரூபாய். அந்த மாதிரி இன்னொரு தடவை செய்ய எனக்கு மனமில்லை.

என்ன செய்தால் மக்கள் உள்ளே வருவார்கள், கூரைக்கும் வழி பிறக்கும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

கூடுதுறை · நவம்பர் 9, இரவு 10:05

சாவி அண்ணா, நானும் பவானிதான். முதலில் ஒன்று. எவ்வளவு நெருக்கடி வந்தாலும் நுழைவுக் கட்டணம் மட்டும் வைக்காதீர்கள். சங்கமேசுவரர் கோவிலுக்கு வந்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறதே என்று உள்ளே எட்டிப் பார்க்கிற குடும்பங்கள் இருக்கின்றன. நான்கு பேருக்கு எண்பது ரூபாய் என்றால் அப்படியே திரும்பிப் போய்விடுவார்கள்.

அந்தக் குடும்பங்களுக்குச் சொல்லவே உங்களிடம் கதை இருக்கிறது. கோயமுத்தூர் கலெக்டராக இருந்த வில்லியம் காரோ 1804இல் அம்மனுக்குக் கொடுத்த தந்தக் கட்டில் கோவிலில் இன்னும் இருக்கிறது. இடி மழையில் மாளிகை இடிவதற்கு முன் அம்மனே ஒரு சிறுமியாக வந்து அவரைக் கைப்பிடித்து வெளியே அழைத்துப் போனாள் என்று என் பாட்டி சொல்வார். கோவிலில் கட்டிலைப் பார்க்கிற கூட்டம் அப்படியே உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கதை கேட்க வழி செய்யுங்கள்.

---

எடிசன்வாசி · நவம்பர் 10, காலை 6:48

நான் இருப்பது நியூஜெர்சியில். பூர்வீகம் அந்தியூர். இங்கே ஒரு சிற்றூர் வரலாற்றுக் கழகத்தின் அருங்காட்சியகத்தில் ஐந்து வருடமாகத் தன்னார்வலராக இருக்கிறேன். உங்கள் வீட்டை விடக் கொஞ்சம்தான் பெரிது. 1800களில் கட்டிய மரவீடு.

இவர்களுக்கு வருட வருமானத்தில் பெரும்பங்கு நவம்பர் இறுதியில் வரும் நன்றி நவிலும் நாளுக்கும் கிறிஸ்துமஸுக்கும் நடுவில் உள்ள நான்கைந்து வாரத்தில்தான் வருகிறது. ஜன்னலுக்கு ஜன்னல் மின்மெழுகுவர்த்தி ஏற்றி மாலையில் வீட்டைச் சுற்றிக் காட்டுவார்கள். ஊரில் உள்ள ஏதாவது ஒரு கட்டடத்தைப் பொறித்து, கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடும் சிறு அலங்காரம் ஒன்றை வருடத்துக்கு ஒன்றாக வெளியிடுவார்கள். ஒரு வருடம் பழைய ரயில் நிலையம், அடுத்த வருடம் மாவு மில். வாங்கியவர்கள் வரிசை விட்டுப்போகக் கூடாது என்று அடுத்த வருடமும் வந்துவிடுவார்கள். வெள்ளை மாளிகை வரலாற்றுக் கழகம் 1981 முதல் இப்படித்தான் வருடம் தவறாமல் ஒன்று விற்கிறது. நன்றி நவிலும் நாள் முடிந்த செவ்வாயைக் ‘கொடுக்கும் செவ்வாய்’ என்று 2012இல் நியூயார்க்கில் தொடங்கினார்கள், அன்றைக்கும் ஓரளவு வருகிறது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். மாசச்சூசெட்ஸில் ஓல்டு ஸ்டர்பிரிட்ஜ் வில்லேஜ் என்று ஒரு பெரிய திறந்தவெளி அருங்காட்சியகம் இருக்கிறது. 1830களின் கிராம வாழ்க்கையைக் காட்டும் இடம். டிசம்பரில் அங்கே மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கிறிஸ்துமஸ் நடக்கும், கூட்டம் அலைமோதும். ஆனால் 1830களில் அந்தப் பக்கத்துக் கிராமத்தார் பலர் கிறிஸ்துமஸைக் கொண்டாடியதே இல்லை. அதற்கும் முன்னால் 1659 முதல் 1681 வரை மாசச்சூசெட்ஸில் கிறிஸ்துமஸ் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம். பணம் வருகிறது என்பதற்காக ஊரில் இல்லாத ஒன்றை ஊர் வழக்கம்போலக் காட்டிவிடும் ஆபத்து எல்லா இடத்திலும் உண்டு. நீங்கள் அதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூரைக்கு நான் ஆயிரம் டாலர் தருகிறேன். கணக்கு எண் அனுப்புங்கள்.

---

வரவுசெலவு · நவம்பர் 10, காலை 11:30

சாவி சார், தயவுசெய்து கணக்கு எண்ணை அனுப்பிவிடாதீர்கள். நான் ஆடிட்டர் அலுவலகத்தில் இருபது வருடமாக இருக்கிறேன், அறக்கட்டளைக் கணக்குகள்தான் என் வேலை.

எடிசன்வாசி அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவர் என்றால், ஓசிஐ (வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன்) அட்டை வைத்திருந்தாலும் அவர் கொடுப்பது வெளிநாட்டு நன்கொடைதான். 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி (எஃப்சிஆர்ஏ) பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. பதிவு இருந்தாலும் 2020 திருத்தத்துக்குப் பிறகு டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வர வேண்டும். ஊரில் இருக்கும் தம்பிக்கு அனுப்பி அவர் பெயரில் கொடுத்தாலும் அது வெளிநாட்டுப் பணமாகவே எண்ணப்படும். இந்தியப் பாஸ்போர்ட்டோடு வெளிநாட்டில் வேலை பார்ப்பவர் தன் சொந்தச் சம்பாத்தியத்தில் கொடுத்தால் அதற்குத் தடையில்லை. பாஸ்போர்ட் நகலை வாங்கிக் கோப்பில் வைத்துவிடுங்கள்.

அடுத்தது குலுக்கல். யாராவது கட்டாயம் யோசனை சொல்வார்கள், அதனால் முன்கூட்டியே சொல்கிறேன். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை. ஐம்பது ரூபாய்க்குச் சீட்டு விற்றுக் குக்கர் பரிசு கொடுக்கிற வேலையெல்லாம் வேண்டாம்.

நன்கொடை கொடுப்பவருக்கு வருமான வரியில் கழிவு தரும் 80ஜி பதிவு இருந்தால் நல்லது. ஆனால் அதை நம்பிப் பிரச்சாரம் செய்யாதீர்கள். புதிய வரிமுறையில் இருப்பவர்களுக்கு அந்தக் கழிவே இல்லை, சம்பளக்காரர்களில் நிறையப் பேர் இப்போது அதில்தான் இருக்கிறார்கள். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் பழைய முறையிலும் கழிவு கிடையாது. வாசலில் க்யூஆர் அட்டை ஒன்று, ரசீதுப் புத்தகம் ஒன்று, இரண்டும் இருக்கட்டும்.

---

எடிசன்வாசி · நவம்பர் 10, மாலை 5:15

நன்றிங்க. இது தெரியாமல் அவசரப்பட்டுவிட்டேன். பணம் இல்லாமல் என்ன செய்ய முடியுமோ அதைச் செய்கிறேன். என் நண்பர் ஒருவர் இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்தான், அவரிடம் சொல்கிறேன். அவருடைய பணத்தை அவரே தரட்டும்.

---

பாவுநூல் · நவம்பர் 11, இரவு 8:40

என் அப்பாவும் அம்மாவும் ஜமக்காள நெசவாளர்கள். அப்பாவின் தறி நின்று பதினோரு வருடம் ஆகிறது. அதனால் இதை மனதிலிருந்து எழுதுகிறேன்.

காட்சிக்கூடத்தில் தறி சும்மா நிற்கிறது. அதில் பாவு ஏற்றி, விடுமுறை நாட்களில் ஒருவர் உட்கார்ந்து நெய்தால் உள்ளே வராதவர்களும் வருவார்கள். குழிக்குள் கால் வைத்து மிதிக்கிறபோது வருகிற அந்தத் ‘தடக்’ சத்தம் எங்கள் வயதுக்காரர்களுக்குத் தெரு முழுக்கக் கேட்டு வளர்ந்த சத்தம். இப்போதுள்ள பிள்ளைகள் அதைக் கேட்டதே இல்லை.

ஆனால் நெசவாளரை ‘ஒரு சேவையாக வந்து நெய்யுங்கள்’ என்று கூப்பிடாதீர்கள். கல்லூரி விழா, கண்காட்சி என்று அப்பாவைப் பல தடவை அழைத்துப் போயிருக்கிறார்கள். பொன்னாடை போர்த்தி, சாப்பாடு போட்டு அனுப்புவார்கள். அன்றைய கூலி போய்விடும். நீங்கள் திரட்டுகிற பணத்தில் முதல் செலவு அவருடைய நாள்கூலியாக இருக்கட்டும். அது இல்லாமல் இந்த விழாவே வேண்டாம்.

எடிசன்வாசி அண்ணன் சொன்ன அலங்காரம்போல நமக்கு ஜமக்காளமே இருக்கிறது. பெரியது வாங்க எல்லோராலும் முடியாது. ஒரு ஆள் உட்காருகிற அளவில் சின்னத் தடுக்கு, தோள்பை, இப்படி நெய்யச் சொல்லலாம். வருடத்துக்கு ஒரு கோட்டு வரிசை. இந்த வருடம் பச்சை, சிவப்பு, கருப்பு என்றால் அடுத்த வருடம் வேறு. ஓரத்தில் வருடத்தை நெய்துவிட்டால் போதும். பவானி ஜமக்காளத்துக்கு 2005-2006இலேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. 1985ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஜமக்காளம் கைத்தறிக்கு மட்டும் என்று ஒதுக்கியும் இருக்கிறது. அப்படியும் விசைத்தறியில் அடித்த வெளிமாநிலச் சரக்கு ‘பவானி’ என்ற பெயரில் கடைகளில் தொங்குகிறது. அசலையும் போலியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு தடவை தொட்டவர்கள் ஏமாற மாட்டார்கள்.

---

மேட்டாங்காடு · நவம்பர் 12, காலை 9:10

மாற்றுக் கருத்து சொல்கிறேன், தவறாக எண்ண வேண்டாம். ஏழு பேர் எவ்வளவு நாளைக்கு இதைத் தாங்குவீர்கள்? ஈரோட்டில் வ.உ.சி. பூங்காவில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. எல்லாவற்றையும் அங்கே ஒப்படைத்துவிட்டால் காவலும் இருக்கும், கூரையும் இருக்கும். வருடா வருடம் கையேந்த வேண்டியதில்லை.

---

பழையசாவி · நவம்பர் 12, இரவு 9:55

மேட்டாங்காடு சார், நீங்கள் அக்கறையோடுதான் கேட்கிறீர்கள், தெரிகிறது. நாங்களும் இதைப் பேசியிருக்கிறோம். அரிதான செப்புப் பட்டயமோ சிலையோ எங்களிடம் இருந்தால் அங்கேதான் போயிருக்கும், போகவும் வேண்டும். ஆனால் 1962இல் எங்கள் தெருவில் நடந்த கல்யாணத்தின் பத்திரிகை, மூன்றாவது வீட்டுப் பெரியம்மா பால் அளந்த ஆழாக்கு, இவற்றுக்கு மாவட்ட அளவில் என்ன மதிப்பு? அதே ஆழாக்கை அந்தத் தெருவில் வைத்தால் ‘இது எங்க ஆத்தா கை பட்டது’ என்று சொல்ல இன்னும் ஆள் இருக்கிறது. ஊரை விட்டுப் போனால் அது வெறும் பித்தளைப் பாத்திரம் ஆகிவிடும். அதனால்தான் இங்கேயே வைத்திருக்கிறோம்.

பாவுநூல் தங்கச்சி சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டோம். நாள்கூலி முதல் செலவு. இன்றைக்கே நோட்டில் எழுதியாகிவிட்டது.

---

கீழத்தெரு · நவம்பர் 13, இரவு 7:30

பேராவூரணிப் பக்கத்துக்காரன் நான். எங்கள் ஊரில் ஆடி, ஆவணி வந்தால் மொய் விருந்து. புதுக்கோட்டை, தஞ்சாவூர் எல்லைப் பக்கத்தில் ஒருவர் கடை வைக்கவோ மகளைக் கட்டிக்கொடுக்கவோ பணம் வேண்டுமென்றால், கறிவிருந்து போட்டு மொய் வாங்குவார். வாசலில் மேசை, நோட்டு, எழுத ஒருவர், எண்ண ஒருவர். பெயர், ஊர், தொகை. இதில் யாருக்கும் வெட்கம் கிடையாது. காரணம், மொய் என்பது தானம் இல்லை. வாங்கியவர், கொடுத்தவர் வீட்டு விசேஷத்தில் கட்டாயம் திருப்பிச் செய்ய வேண்டும். கொஞ்சம் சேர்த்தும் செய்ய வேண்டும்.

உண்டியல் வைத்தால் நம் ஆட்கள் பத்து ரூபாய் போடுவார்கள். மொய் நோட்டு வைத்தால் 101, 501 என்று எழுதுவார்கள். பெயர் எழுதுகிற இடத்தில் நம் கை நீளும், அது ஊர்ப் பழக்கம். ஆனால் திருப்பிச் செய்ய வேண்டுமே, காட்சிக்கூடம் எதைத் திருப்பிச் செய்யும்? அதற்கு ஒரு பதிலைக் கண்டுபிடித்தீர்கள் என்றால் இது நடக்கும்.

---

சுவடிக்காரி · நவம்பர் 14, காலை 7:20

கீழத்தெரு கேட்டதற்கு என்னிடம் பதில் இருக்கிறது.

நான் சுவடிப் பாதுகாப்பில் இருக்கிறேன். எங்களுக்கு மார்கழி கடைசி வாரம் வந்தாலே வயிற்றில் புளி கரைக்கும். போகி. வீட்டைச் சுத்தம் செய்கிறோம் என்று பரணில் இருப்பதையெல்லாம் இறக்குவார்கள். பாய், முறம் எரிகிறபோது கூடவே பழைய கணக்கு நோட்டு, பத்திரம், கடிதக் கட்டு, ஏடு எல்லாம் போகும். உ.வே.சா. ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூர்க் கோவிலுக்குப் போனபோது, பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்டோம் என்று சொல்லக் கேட்டுத் துடித்துப் போனார். அது அந்தக் காலம். இன்றைக்கு அதே வேலையைத் தெருமுனையில் டயரோடு சேர்த்துச் செய்கிறோம்.

உங்கள் பொங்கல் விழா போகிக்கு முன்னாலேயே தொடங்கட்டும். ‘எரிக்கும் முன் ஒரு தடவை எங்களிடம் காட்டுங்கள்’ என்று சொல்லுங்கள். கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள் என்று கேட்கவே வேண்டாம். காட்டுங்கள், அவ்வளவுதான். நீங்கள் ஸ்கேன் எடுத்துக்கொண்டு அசலை அவர்கள் கையிலேயே திருப்பிக் கொடுங்கள். பழைய குடும்பப் படமாக இருந்தால் நல்ல தாளில் ஒரு பிரதி அச்சடித்து உறையில் போட்டுக் கொடுங்கள். அதுதான் நீங்கள் திருப்பிச் செய்கிற மொய்.

சில நடைமுறை விஷயங்கள். பரணிலிருந்து வருவதில் கறையானும் வெள்ளிப்பூச்சியும் நிச்சயம் இருக்கும். வந்ததை நேரே காட்சி அறைக்குக் கொண்டுபோகாமல் திண்ணையில் தனி மேசை போடுங்கள். உங்களிடமே விட்டுச் செல்கிற துணியையும் நோட்டுகளையும் காற்றுப் புகாத பாலித்தீனில் கட்டி, மைனஸ் 18 டிகிரி உள்ள ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்து எடுத்தால் பூச்சியும் முட்டையும் செத்துவிடும். ஐஸ்கிரீம் கடைக்காரரிடம் கேட்டால் இடம் தருவார். பொங்கல் அடுப்பு, குத்துவிளக்கு, சாம்பிராணி மூன்றும் வாசலோடு நிற்கட்டும். மர அளவைக்கு மஞ்சள் குங்குமம் வைக்கிறேன் என்று யாராவது ஆசையாக வருவார்கள். அன்போடு தடுத்துவிடுங்கள், அந்தக் கறை போகாது.

நிலத்தில் கிடைத்த காசு, சிலை என்று யாராவது கொண்டுவந்தால் வாங்கவே கூடாது. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி அது கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டியது. தாசில்தார் அலுவலகத்துக்கு வழி சொல்லி, கூடவே போய்வாருங்கள்.

---

கீழத்தெரு · நவம்பர் 14, காலை 8:02

அக்கா, இதுதான். இதுதான் வேண்டியிருந்தது.

---

பூளைப்பூ · நவம்பர் 16, மாலை 4:45

நான் பள்ளி ஆசிரியை. பொங்கல் கொண்டாட்டம் என்றால் எல்லா இடத்திலும் பானை, கரும்பு, கோலப் போட்டி, உறியடி என்று ஒரே அச்சாகிவிட்டது. கொங்குப் பொங்கலுக்கென்று இருப்பதைக் காட்டுங்கள். போகி மாலையில் பூளைப்பூ, ஆவாரை, வேப்பிலை மூன்றும் சேர்த்துக் கூரை விளிம்பான இறவாணத்தில் காப்புக் கட்டுவதைப் பிள்ளைகளே செய்யட்டும். காணும் பொங்கலன்று பெண்பிள்ளைகள் பூப்பறிக்கப் போன வழக்கத்தைப் பாட்டிமார்கள் வந்து பாடிக் காட்டட்டும். அப்புறம் தை 5 காலிங்கராயன் நாள். 1283இல் காலிங்கராயன் அணைக்கட்டு வேலையை முடித்து வாய்க்காலில் தண்ணீர் விட்ட நாள் என்று உழவர்கள் இன்னும் பொங்கல் வைக்கிறார்கள். அதற்குப் போகிற கூட்டத்தை அழைக்க உங்களை விடப் பொருத்தமான இடம் எது?

இன்னொன்று. கோவில் டியூப் லைட்டில் ‘உபயம்’ எழுதி வெளிச்சத்தை மறைப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். பெயர் எழுதும் ஆசை தவறில்லை, எழுதும் இடத்தைத்தான் நாம் சரியாகக் காட்ட வேண்டும். உங்களுக்கு 1,200 ஓடு வேண்டும். ஓடு ஒன்றுக்கு 90 ரூபாய் வருகிறது. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு ஓட்டின் அடிப்பக்கத்தில் தன் பெயரைப் பெயிண்டில் எழுதட்டும். கூரை வேய்ந்த பிறகு உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் பெயர் தெரியும், மழையிலும் அழியாது. அந்தப் பிள்ளை இருபது வருடம் கழித்து வந்து தன் ஓட்டைத் தேடும்.

---

பழையசாவி · டிசம்பர் 3, இரவு 10:30

ஏழு பேரும் உட்கார்ந்து முடிவு செய்துவிட்டோம். அரையாண்டு விடுமுறையில் நான்கு நாள், பிறகு காணும் பொங்கல், தை 5. ஆக ஆறு நாள். கச்சேரி இல்லை, மைக் செட் இல்லை, நிறுவன பிளெக்ஸ் இல்லை. தறி ஓடும். திண்ணையில் ஸ்கேன் மேசை. வாசலில் மொய் மேசை. கொல்லையில் ஓடு எழுதும் இடம். தினமும் மாலை வாங்கிய தொகையைக் கரும்பலகையில் எழுதிவிடுவோம்.

எடிசன்வாசிக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பூர்வீகம் அந்தியூர் என்றீர்கள். எங்களிடம் பெயர் தெரியாத படங்கள் 140 இருக்கின்றன. வீடியோ அழைப்பில் காட்டினால் உங்கள் அம்மா யாரையாவது அடையாளம் சொல்வார்களா?

---

எடிசன்வாசி · டிசம்பர் 4, காலை 7:00

இதைவிட எனக்கு வேறென்ன வேண்டும். அம்மாவுக்கு 81 வயது. சாயங்காலம் ஆனால் பேச ஆள் தேடுவார். வாரம் இரண்டு நாள் வைத்துக்கொள்வோம்.

---

சிராங்கூன் · டிசம்பர் 6, மதியம் 1:15

சிங்கப்பூரிலிருந்து. இங்கே லிட்டில் இந்தியாவில் 2015இல் திறந்த இந்திய மரபுடைமை நிலையம் இருக்கிறது. அரசு நிறுவனம், உங்கள் நிலை வேறு. ஆனாலும் பொங்கல், தீபாவளிச் சமயத்தில் அங்கே போகும்போது நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். கொண்டாட்டத்துக்காக வருகிற குடும்பங்கள் காட்சியில் அதிக நேரம் நிற்பது நகை, சிலைகளுக்கு முன்னால் இல்லை. பழைய அடையாள அட்டை, கப்பல் பயணச் சீட்டு, கடைப் படம் இவற்றுக்கு முன்னால்தான். ‘தாத்தாவிடமும் இப்படி ஒன்று இருந்தது’ என்ற பேச்சு அங்கேதான் தொடங்கும். அந்த இடத்தில் பெஞ்சு போட்டுவையுங்கள்.

---

பழையசாவி · ஜனவரி 20, இரவு 11:10

எல்லாம் நல்லபடியாக முடிந்தது. கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மொய் 412 பேர், 71,640 ரூபாய். ஓடு 638 பேர் எழுதினார்கள், 57,420. தடுக்கும் பையும் விற்றதில் கிடைத்தது 11,200. ஆக 1,40,260. நெசவாளர் கூலி, பாவு, அச்சுத்தாள், மை, ஸ்கேனர் வாடகை, டீ எல்லாம் சேர்த்துச் செலவு 18,900. கையில் நிற்பது 1,21,360. வங்கியில் இருந்த 23,000ஐச் சேர்த்தால் 1,44,360. இன்னும் 15,640 வேண்டும். மரவேலைக்கான தொகை முழுவதும் வந்துவிட்டதால் ஆசாரி மாசியில் தொடங்குகிறேன் என்றார்.

முதல் நாள் பகல் வரை ஒருவரும் எதையும் கொண்டுவரவில்லை. தறியை மட்டும் பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. மூன்று மணிக்கு ஒரு அம்மா வந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். மஞ்சப்பையிலிருந்து ஒரு நீளவாக்கு நோட்டை எடுத்தார். அட்டை போய், சணல் கயிற்றில் கட்டியிருந்தது. ‘இது எங்கய்யன் கூலி நோட்டுங்க. போகிக்குப் போட்டுடலாம்னு மருமக சொல்றா. நீங்க பாக்கறீங்களாமே’ என்றார்.

1964ஆம் வருடக் கணக்கு. நெய்த ஜமக்காளம் எத்தனை, எடுத்த நூல் எவ்வளவு, கழித்த முன்பணம் எவ்வளவு என்று பென்சிலில் வாரம் வாரமாக இருந்தது. ஒரு பக்கத்தில் கணக்கே இல்லை. ‘பாப்பாவுக்குக் காய்ச்சல். தறி இல்லை’ என்று மட்டும் எழுதியிருந்தது. அந்த அம்மாவுக்கு எழுத்து தெரியாது. நான் படித்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், ‘பாப்பாங்கறது நாந்தானுங்க’ என்றார்.

தறியில் உட்கார்ந்திருந்தவர் நாடாவை வைத்துவிட்டு எழுந்து வந்து அந்தப் பக்கத்தைப் பார்த்தார்.

நோட்டை முழுவதும் ஸ்கேன் எடுத்து, அந்த ஒரு பக்கத்தைப் பெரிதாக அச்சடித்து உறையில் போட்டு அசலோடு கொடுத்தோம். அம்மா மொய் மேசைக்குப் போய் 51 ரூபாய் எழுதினார். மறுநாள் மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் வந்தார்கள். அதற்கடுத்த நாள் அவர்கள் தெருவே வந்தது. பத்திரம், ரேஷன் அட்டை, ஸ்டுடியோ படம், டிரங்குப் பெட்டி. ஆறு நாளில் 263 குடும்பங்களின் பொருள்களைப் பதிவு செய்தோம். கொடுத்துவிடுங்கள் என்று யாரையும் கேட்கவில்லை, இருந்தும் முப்பத்தெட்டு பேர் ‘நீங்களே வெச்சுக்குங்க’ என்று விட்டுப்போனார்கள். எல்லாம் இப்போது ஐஸ்கிரீம் கடை ஃப்ரீசரில் இருக்கிறது.

எடிசன்வாசியின் அம்மா இதுவரை 57 படங்களுக்குப் பெயர் சொல்லியிருக்கிறார். ஒரு படத்தில் அவருடைய சொந்த அத்தையே இருந்தார்.

குறைகளும் இருந்தன. காணும் பொங்கலன்று கூட்டம் அதிகமாகி ஸ்கேன் மேசையில் இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டியதாயிற்று. வயதானவர்கள் வெயிலில் நின்றார்கள். அடுத்த தடவை டோக்கனும் பந்தலும் வேண்டும். தடுக்கு முப்பதுதான் நெய்ய முடிந்தது, மூன்றாம் நாளே தீர்ந்துவிட்டது. தந்தக் கட்டில் கதை சொல்ல ஆள் ஏற்பாடு செய்தும் தறிச் சத்தத்தில் திண்ணையில் கேட்கவில்லை. கூடுதுறை தம்பி மன்னிக்க வேண்டும், அடுத்த முறை கொல்லையில் வைப்போம்.

---

பாவுநூல் · ஜனவரி 21, காலை 6:30

அண்ணா, அப்பா தை 5 அன்று வந்திருந்தார். உங்களிடம் சொல்லிக்கொள்ளாமல் ஓரமாக நின்று பார்த்துவிட்டு வந்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும், அந்தத் தறியில் விழுதைக் கொஞ்சம் இறுக்கிக் கட்ட வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அடுத்த தடுக்கு வரிசைக்கு அவரைக் கூப்பிடுவீர்களா?

---

பழையசாவி · ஜனவரி 21, காலை 6:52

இன்று மாலையே வீட்டுக்கு வருகிறேன்மா. கூலியும் பேசிக்கொள்வோம்.

---

வரவுசெலவு · ஜனவரி 21, காலை 10:40

80ஜி ரசீது கேட்டவர்களின் பான் எண்களை இப்போதே தனியாக எழுதிவையுங்கள். நன்கொடை விவரம் காட்டும் 10பிடி படிவத்தை மே 31க்குள் தாக்கல் செய்ய வேண்டும். மொய் நோட்டைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், நான் உட்கார்ந்து ஒப்பிட்டுத் தருகிறேன். கட்டணம் வேண்டாம், ஒரு ஓடு என் பேத்தி பெயரில் எழுதிவிடுங்கள், 90 ரூபாய் அனுப்பிவிட்டேன்.

---

பழையசாவி · பிப்ரவரி 15, இரவு 8:15

மரம் வந்து இறங்கிவிட்டது. ஓட்டு லாரி வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு வருகிறது. பெயர் எழுதிய ஓடுகள் கொல்லையில் தனியாக அடுக்கியிருக்கின்றன, அவற்றோடு கலந்துவிடாமல் இறக்க வேண்டும். பவானி, குமாரபாளையம் பக்கத்தில் இருப்பவர்கள் பத்துப் பேராவது வந்தால் பத்து மணிக்குள் முடித்துவிடலாம். கைக்குத் துணி கொண்டுவாருங்கள். காலைச் சாப்பாடு இங்கே.